ட்ரைபொட்டும் காணிப் பெர்மிட்டும்

இன்று ஜெயபுரத்தில் உச்சி வெயிலில் வயலைப் படம் எடுக்கப் போனேன். கமராவை மூன்றுகால் ட்ரைபொட்டில் பூட்டி, கறுப்பு என்.டி. ஃபில்டரை மாட்டினேன். அது வெளிச்சத்தைக் குறைப்பதால் ஒரு படத்துக்கே நான்கு நிமிடம் ஆகும்.

வயல்காரப் பெண் ஒருவர் பொலித்தீன் பையில், அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிட்டோடு ஓடி வந்தார்.

"ஆர் அளக்கச் சொன்னது?" என்று ட்ரைபொட்டைக் காட்டிக் கேட்டார்.

"படம்தான் எடுக்கிறன், அக்கா."

"முந்தி மூண்டுகாலோட வந்த அளவைக்காரரும் உப்பிடித்தான் சொன்னவை. பிறகு எல்லைக்கல்லு நட்டவை."

கமராவுக்கு முன்னால் அங்கும் இங்கும் நடந்தபடியே இருந்தார்.

"எடுத்ததைக் காட்டுங்கோ."

நான் முதலில் பார்த்தேன். இவ்வளவு நேரம் எடுக்கும் படத்தில் நடமாடுபவர்கள் பதியமாட்டார்கள். வயல் இருந்தது, அக்கா இல்லை.

ஆளில்லாத காணி என்று எல்லைக்கல் நட இந்தப் படமே போதும்.

"படம் பிழைச்சுப்போச்சு, அக்கா" என்று அழித்துவிட்டேன்.

ட்ரைபொட்டைக் கண்டு பயப்படாத ஊர் வன்னியில் இருந்தால் சொல்லுங்கோ, அங்கே போய் எடுக்கிறேன்.