சாட்சியாக நான் போட்ட கையெழுத்து

புரட்டாசியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைக்கமாட்டார்கள். அதனால் புரட்டாசியில் என்னிடம் படமெடுக்க வருகிறவர்கள், யாரிடமும் நாள் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். மணவறை இல்லை, மேளம் இல்லை, ஐயர் இல்லை. சுவிஸில் லுசேர்ன் நகரப் பதிவு அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, இருபது நிமிடம், இரண்டு சாட்சிகள். பிறகு வெளியே மஞ்சள் இலைகளுக்குக் கீழே குளிரில் நடுங்கிக்கொண்டு பத்துப் படம். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி, வானத்திலிருந்து படம்பிடிக்கிற பெரிய கலியாணங்களுக்கு நான் போவதில்லை. எனக்கு இந்த ஓடிவந்த சோடிகள் போதும்.

ஏன் இது மட்டும் என்று கேட்டால், இலையுதிர்கால வெளிச்சம் நல்லது என்று சொல்லிவிடுவேன். முழுப் பொய். லுசேர்னில் புரட்டாசி மாதத்துப் பனிப்புகாருக்குள் என்ன வெளிச்சம்!

உண்மைக் காரணம் வேறு. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து, அதாவது சட்டப்படி பதிவு. மாதக்கணக்கில் கழித்துத்தான் தாலிகட்டு. இடையில் சட்டத்துக்கு அவர்கள் புருசன் பெண்சாதி, சனத்துக்கு இன்னும் ஒன்றுமில்லை. பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். எனக்கும் அப்படித்தான் எழுத்து நடந்தது. தாலிகட்டுக்கு ஒன்றரை மாதம், ஆறே கிழமை, இருக்கும்போது மாப்பிள்ளையின் தமையன் எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரில் விசாரித்தாராம். என் அம்மாவின் பக்கம் அவர்களுடைய சாதி ஆட்கள் இல்லையாம். கலியாணம் சரிவராது என்றார்.

அப்பா தொழிற்சாலை உடுப்போடு எழுந்து நின்றார். "எழுத்து முடிஞ்சு போச்சே, தம்பி," என்றார்.

"எழுத்து என்ன எழுத்து. வெறும் கடதாசிதானே. கிழிச்சால் போச்சு," என்றார் அந்த மனிதர். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை ஆறுதலாக, அவசரமே இல்லாமல், குடித்து முடித்தார். கூடவே வந்து பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, என்னை எழுதியவன், வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவன் போல் இருந்தான்.

கடதாசி அவ்வளவு லேசில் கிழியவில்லை. ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாதவனிடமிருந்து பிரிவதற்கு நான் நீதிமன்றப் படி ஏறினேன். அன்றிலிருந்து எந்தப் படிவத்தை நிரப்பினாலும் நான் விவாகரத்தானவள். அப்பா அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. யார் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பார். அப்படியே இருந்து, அப்படியே செத்தும் போனார். மறந்துவிடு என்று எனக்குப் புத்தி சொன்னவர்களையெல்லாம் நான் மறந்துவிட்டேன். அந்தத் தமையனை மறக்கவில்லை. இருபது வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமுமில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசியில், ஒரு பெண்பிள்ளை இணையத்தில் என்னுடைய படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தாள். குடும்பப் பெயர் இருந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. ஒற்றைப் பெயரோடு வந்த எங்களிடம் இந்த நாடு குடும்பப் பெயர் கேட்டது. நாங்கள் அப்பாமாரின் பெயரைக் கொடுத்தோம். தபால்காரர் முதல் பல் வைத்தியர் வரை இன்றைக்கும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் குடும்பப் பெயர் அந்தத் தமையனின் பெயர். ஊரில் அதிகம் பேர் வைக்காத பெயர். நேரில் வந்தபோது முகத்தைப் பார்த்தேன். அதே மூக்கு. அவருடைய மகளேதான்.

மாப்பிள்ளை மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன். ரெனான் என்ற ஊரில் மின்சார வேலை செய்கிறான், நல்ல அமைதியானவன். தன் அப்பா இந்தக் கலியாணத்துக்குச் சம்மதிக்கவே மாட்டார் என்றும், எழுத்து முடிந்த பிறகு தானே வீட்டுக்குச் சொல்லப்போவதாக அவள் சொன்னாள். அதுவரை படம் எதுவும் வெளியே போகக்கூடாது என்று கெஞ்சினாள். நான் ஓம் என்றேன். பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கே அவருடைய கைப்பேசி எண்ணைத் தேடி எடுத்துவிட்டேன். கையெழுத்து வைக்கிற நிமிடமே படத்தை அவருக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று பாத்திரம் கழுவும்போதும் யோசித்தேன், ரயிலுக்குள்ளும் யோசித்தேன். நினைக்க நினைக்க இனித்தது.

இரண்டு நாள் இருக்கும்போது அவள் அழுதுகொண்டு அழைத்தாள். மாப்பிள்ளையின் அக்கா ஒரு சாட்சி. மற்றச் சாட்சியாக வர இருந்த சிநேகிதி, இவளுடைய அப்பாவுக்குப் பயந்து கழன்றுவிட்டாளாம்.

"அக்கா, நீங்கள் சாட்சிக்கு நிப்பியளோ?"

அவள் கேட்டு முடிக்குமுன் ஓம் சொல்லிவிட்டேன். இரக்கத்தில் என்று நினைத்து அவள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். இரக்கமாவது மண்ணாவது! அவருடைய மகளின் கலியாணக் கடதாசியில் என் பெயர். இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? அவருடைய எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்தேன். அது இனித் தேவைப்படவில்லை.

எழுத்து நாள் காலை ஆற்றுப் பாலம் தெரியாத அளவுக்குப் புகார். அவள் பச்சைச் சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். அலுவலர் வழக்கம்போல் எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார், பெயர்களைப் பற்றியும் என்னவோ வாசித்தார். நான் காதில் வாங்கவில்லை. பேனை என் கைக்கு வரும் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் முழுப் பெயரையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். பிறகு கமராவை எடுத்து அந்தக் கடதாசியை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்தேன். மேலே அவள், அடுத்து அவன், பிறகு அவனுடைய அக்கா, கீழே நான்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். தனக்கு மகளே இல்லை என்று தகப்பன் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்தநாள் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், அப்பா தேடி வந்தால் முகம் தெரிகிற ஒரு படமும் கொடுக்கவேண்டாம் என்று.

மூன்று கிழமையில், படக்காரியின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. அப்போது எனக்கு நீளப் பின்னல், இப்போது காதளவு வெட்டிய நரைத்த தலைமயிர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். மனைவி சரியாகச் சாப்பிடுகிறாள் இல்லை, மகள் தொலைபேசி எடுக்கிறாள் இல்லை, ஒரு படம், ஒரேயொரு படம் தந்தால் போதும் என்றார். அவர் கெஞ்சுவதைக் கேட்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாம் தரம் கேட்கட்டும் என்று கொஞ்சம் பேசாமல் நின்றேன். கேட்டார்.

உள் அறைக்குப் போய் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். முகமே இல்லாத படம் ஒன்று இருக்கிறது, கையெழுத்துக் கடதாசி, அதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தன்னுடைய கையெழுத்து அதில் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றேன்.

"ஓம், அக்கா. அதைக் குடுங்கோ," என்றாள்.

பிள்ளைக்கும் என்னைப் போலக் குணம் இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். வெறும் கடதாசி என்று சொன்னவருக்கு வெறும் கடதாசி. தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். தபாலட்டை அளவில் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எழுத்துப் படம்தான் இருக்கிறது அண்ணை என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். முகம் கறுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவருடைய விரல் கீழே வரவேயில்லை. மேல் வரியிலேயே நின்றது. உதடு அசைந்து அசைந்து வாசித்தது.

"என்ர பேர்," என்றார். "பேரை மாத்தேல்லை."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கலியாணம் முடித்தும் அவள் புருசனின் பெயரை எடுக்காமல், தகப்பனின் பெயரிலேயே கையெழுத்து வைத்திருந்தாள். அலுவலர் பெயர்களைப் பற்றி வாசித்தது அதைத்தான். தொலைபேசியில் அவள் தன் கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் அதை நினைத்துத்தான். நஞ்சு என்று நினைத்து நான் கொண்டுபோய் வைத்தது அவருக்குச் சர்க்கரையாகப் போயிற்று.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தைக் கையில் எடுத்து, இதைப் பெரிதாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். "கீழ ஆரோ சாட்சி வைச்சிருக்கினம், தங்கச்சி. அது தேவையில்லை. வெட்டிவிடுங்கோ."

ஆரோ! இருபது வருடமாக நான் வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டிருந்தால், இவருக்கு நான் ஆரோ. சத்தம் போட எனக்கு வாய் உன்னியது. ஆனால் குரல் ஆறுதலாகத்தான் வந்தது. அந்த ஆரோ நான்தான் என்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன். எம்மன்புரூக்கே வீட்டையும், அவர் குடித்த தேத்தண்ணியையும் சொன்னேன்.

"எழுத்து வெறும் கடதாசி, கிழிச்சால் போச்சு எண்டு சொன்னியள், அண்ணை. இப்ப உங்கட கையிலதான் இருக்கு. கிழியுங்கோ பாப்பம்."

அப்போதுதான் அவர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். நிற்கட்டும் என்று விட்டேன்.

"கொப்பர்..." என்று என் அப்பாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

"செத்துப் போனார்."

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை போலும். படத்தின் ஓரங்களை மட்டும் பிடித்து, மெல்ல மேசையில் வைத்தார்.

"வெட்டவேண்டாம்," என்றார். "முழுசாப் பெரிசாக்கித் தாங்கோ."

செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கச் சொன்னேன். மகள் தாயைப் பார்க்க இப்போது போய்வருகிறாள். அந்தப் படம் அவர்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது என்று அவள்தான் சொன்னாள். வருகிற போகிற சனமெல்லாம் நின்று வாசிக்கிறதாம். அச்சுக்குக் கொடுக்குமுன் அதில் நான் ஒரேயொரு வேலை பார்த்தேன். கடைசிக் கையெழுத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பை ஏற்றினேன். அதில் முன்பாதி என் பெயர், பின்பாதி அப்பாவின் பெயர்.