டெமோவில் இல்லாத மூன்றாம் பாடம்

எங்கள் சுரங்கப்பாதைக் கடைவீதியில் ‘ஓட்டை’ என்றால்தான் அவனைத் தெரியும். பழைய சிடி வாங்கி விற்கிறவன். யார் எதை நீட்டினாலும் முதல் வேலையாக உறையைத் திருப்பி, பார்கோடில் ஓட்டை குத்தியிருக்கிறதா என்று பார்ப்பான். குத்தியிருந்தால் அது கம்பெனிக்காரன் விளம்பரத்துக்காகச் சும்மா கொடுத்த டெமோ. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் ‘முழுப் பதிப்பை வாங்குங்கள்’ என்று கையை விரித்துவிடும். ஓட்டை இல்லாவிட்டால் கடையில் விலைக்கு விற்றது, முழுசு. டெமோவை முழுசு என்று யார் தலையிலும் அவன் கட்டியதில்லை.

நான் பக்கத்துக் கடையில் சாவி போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். “கொஞ்சறதுக்குக் குழந்தையைக் கொடுத்தாக்கூட நீ முதல்ல திருப்பித்தான்டா பாப்பே” என்று அவனை ஓட்டுவேன். சிரிப்பான். அவன் வேலை அப்படி ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் அவன் இப்படி இல்லையாம். அப்போதெல்லாம் ஒவ்வொரு சிடியையும் வெளியே எடுத்து, குழல் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பானாம். அடிப்பக்கத்தில் விஷயம் பதிந்த இடம் ஒரு நிறம், வெறும் இடம் வேறு நிறம். டெமோவில் அந்த வளையம் குறுகலாக இருக்கும், முழுசில் ஓரம்வரை வரும். கூட்டம் கூடக் கூட அதற்குப் பொறுமை ஏது? ஓட்டையைப் பார்த்தால் கண் சிமிட்டும் நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிடலாம்.

அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழந்தைகளுக்கான கணக்குப் பாட சிடி ஒன்றுக்குக் குரல் கொடுத்திருக்கிறாள். முதல் இரண்டு பாடங்களுக்கு வேறொரு பெண், ‘கிளியக்கா’ என்று கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள். மூன்றாம் பாடத்திலிருந்து கடைசிவரை இவள். கம்பெனி கொடுத்த ஒரு பிரதி வீட்டில் இருந்தது. மகளுக்கு நடை பழகும் வயது, அதைத் தரையில் தேய்த்துத் தேய்த்து விளையாடிப் பாழாக்கிவிட்டாள். ‘போகட்டும், இன்னொன்று வாங்கினால் போகிறது’ என்று இருவரும் சிரித்தார்களாம். அந்த வருஷமே காய்ச்சலில் பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாள். கம்பெனியும் மூடிவிட்டது. கல்யாண வீடியோவில் தேடினால் அதில் பாட்டுதான் ஓடுகிறது, ஒருத்தர் பேச்சும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தைதான் இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு காதிலும் கேட்கும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. ஒன்று அறவே போய்விட்டது. மற்றதில் அறுவை சிகிச்சை செய்து கருவி வைக்க நாள் குறித்தாயிற்று. “அதுக்கப்புறம் மெஷின் வழியாத்தான் கேப்பா. குரலெல்லாம் இப்ப கேக்கற மாதிரி இருக்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாள் குறித்த அன்றைக்குக் கடைக்கு வந்த மகள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அம்மா குரலை இந்தக் காதால ஒரே ஒரு தடவை கேக்கணும்ப்பா.”

பாவி மகள், வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தெரிந்த வியாபாரிக்கெல்லாம் சொல்லி அனுப்பினான். மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கினான். கிடைத்ததெல்லாம் டெமோ. போட்டுக் காட்டுவான். “வணக்கம் செல்லங்களா, நான்தான் கிளியக்கா!” என்று அந்தப் பெண் ஆரம்பிப்பாள். இரண்டாம் பாடம் முடியும், முழுப் பதிப்பை வாங்கச் சொல்லும், நின்றுவிடும். கிளியக்காவின் கழுத்தை நெரிக்கலாம் போல எனக்கே ஆத்திரம் வரும். அவன் பேசாமல் சிடியை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போடுவான்.

கழிவெல்லாம் ஊருக்கு வெளியே காய்கறி போடும் தோட்டக்காரருக்குப் போகும். குருவி விரட்டக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கேட்பதற்கு முன்னமே பழைய சிடிகளை ஒரு பெட்டி நிறைய இவனிடம் போட்டிருந்தார். வீட்டுப் பூட்டுக்கு என்னிடம் சாவி போட வந்த மனுஷன், நான் அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்துக் கடையிலிருந்து கிளியக்கா கத்துவதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அட, இந்தக் கணக்கு சிடியா! என் பெட்டியிலயும் ஒண்ணு இருந்துச்சே. கடைசிப் பாடம் வரைக்கும் போட்டுப் பாத்துத்தான் விமர்சனம் எழுதினேன்.”

ஓட்டை தலையை நீட்டினான். “உங்க பெட்டியில இருந்தது டெமோ ஐயா. பார்கோடுல ஓட்டை இருந்துச்சே. நானே பாத்தேன்.”

“டெமோ இல்லப்பா. பத்திரிகைக்கு முழுசாத்தான் அனுப்புவாங்க. நாங்க வெளிய வித்துடக் கூடாதுன்னு ஓட்டை போட்டுடுவாங்க. அவ்வளவுதான்.”

அரத்தைக் கீழே வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான். அதுகூட இல்லை, வெண்ணெயைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறான். சாய்த்துப் பார்த்திருந்தால் வளையம் சொல்லியிருக்கும். அவன் உறையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

“அக்கா” என்றான். “அதைத் தோட்டத்துக்கு அனுப்பிட்டேனேக்கா.”

“அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஷட்டரை இழுடா” என்றேன்.

தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கின. எல்லாம் வெயிலில் வெளுத்து, மேலே அச்சடித்த எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோட்டக்காரர் முதலில் குதித்தார்.

“இதெல்லாம் அவுத்துட்டா குருவி என் கீரையை மேஞ்சிடும்மா!”

“மேஞ்சா நான் வந்து குருவி ஓட்டறேன், போய்யா!” என்று நான் கத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் தானே ஏணியைக் கொண்டுவந்து போட்டார்.

ஓட்டை ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே சாய்த்தான். மறந்துபோன அந்தப் பழைய வித்தை. குறுகல், குறுகல், குறுகல். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஓரம்வரை வளையம் வந்த சிலதை மட்டும் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். காற்றில் ஒன்றோடொன்று உரசி, அவற்றின் மேல் கீறாத இடமில்லை.

கடைக்குத் திரும்பியபோது மகள் வந்து காத்திருந்தாள். கேட்கிற காதை ஸ்பீக்கரோடு ஒட்டி உட்கார்ந்தாள். முதலில் போட்டது ஏதோ அகராதி. அடுத்தது ஓடவே இல்லை. அதற்கடுத்ததில் கிளியக்கா வந்தாள். ஒன்றாம் பாடம், இரண்டாம் பாடம். வாங்கச் சொல்லவில்லை! திரை மாறியது. வேறொரு குரல், நிதானமான குரல், வந்தது.

“அவசரப்படாதே கண்ணு. இன்னொரு தடவை எண்ணிப் பாரு.”

திரை அங்கேயே உறைந்துவிட்டது. துடைத்தான், ஊதினான், வேறு மெஷினில் போட்டான். எத்தனை முறை போட்டாலும் அந்த ஒரு வாக்கியம், அதோடு நின்றது. மிச்சப் பாடமெல்லாம் கீறலோடு போய்விட்டது.

மகளுக்குக் கண்ணீர் வழிந்தது. ஆனால் சிரித்தாள். “அம்மா எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களாப்பா?”

“ஆமாம்மா. இப்படியேதான்” என்று அவள் காதில் விழும்படி உரக்கச் சொன்னான்.

சொல்லிவிட்டு வெளியே வந்து என் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, அது அவதான். கிளியக்கா இல்லேன்னா அவதான், வேற யாரும் பேசலை. கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னடா?”

“எனக்கு அடையாளம் தெரியலக்கா. யாரோ பேசற மாதிரி இருக்கு. இத்தனை வருஷமா அவ குரல் என் மனசுல இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லவே இல்ல.”

எனக்கு வாய் நீளம்தான். அன்றைக்குச் சாவி துடைக்கிற துணியை எடுத்து அவனிடம் நீட்டினேன். உள்ளேயிருந்து பெண் கூப்பிட்டாள்.

“அப்பா, இன்னொரு தடவை போடுங்க!”

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.