மூணு கவட்டு வேம்பு

சௌந்திரத்துக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று மல்லசமுத்திரத்தில் யாரும் சொல்ல முடியாது. அவள் தொட்டால் காய்ந்த விறகுகூடத் துளிர்க்கும். மரத்தை வளராமல் வைத்திருக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

எண்பத்திரண்டாம் வருசம், ஒரு வாரப் பத்திரிகையில் போன்சாய் படத்தைப் பார்த்த அன்று பிடித்த கிறுக்கு. நூறு வயசு மரம் சாப்பாட்டுத் தட்டில் நிற்கிறது! முதலில் வைத்த மாதுளை, வேரை வெட்டிய அன்றே கண்ணை மூடியது. அடுத்து வைத்த புளி சட்டியைப் பிளந்து தரைக்குள் இறங்கி, கூரை ஓட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தது. மூன்றாவதுதான் இந்த வேம்பு. இரண்டு வருசமாகியும் முழ உயரம் தாண்டவில்லை. கிளைகளை வளைத்துக் கட்டக் கம்பி வேண்டுமே? புருசன் மயில்சாமியின் லாரியிலிருந்து ஹாரன் வயரை உருவிக்கொண்டாள். அந்த லோடு நடை முழுக்க அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பாம், பாம்" என்று தானே கத்திக்கொண்டு பம்பாய் போய்ச் சேர்ந்தார்.

மாசியில் பழைய இலை உதிர்ந்தது. வேரைக் கத்தரித்து, அகலமான மண்தட்டுக்கு மாற்றி, வாசல் நிழலில் வைத்தாள். செம்புநிறத்தில் துளிர் விட்டது. பங்குனியில் சேலத்தில் செடிக் கண்காட்சி. அங்கே இதை வைத்து, "மரத்தப் பட்டினி போடறவ" என்று சிரித்த ஊர்வாயை அடைக்க வேண்டும். அதுவரை வேர் அழுகக் கூடாது. தண்ணீர் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் நோம்பி வந்தது. கோயில் முன்னால் மூன்று கவட்டாகக் கிளை பிரிந்த மரத்தைக் கம்பமாக நட்டார்கள். நோம்பி முடியும்வரை பெண்கள் விடிகாலையில் அதற்கு மஞ்சத்தண்ணீர் ஊற்றுவார்கள்.

மறுநாள் சௌந்திரம் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு அத்தாயி ஒரு குடம் மஞ்சத்தண்ணீரை வேம்பின் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க!"

"கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறேன் அம்மிணி. வேம்பு, அதும் மூணு கவட்டு! முட்டிவலில இவ கோயிலுக்கு நடக்கமாட்டான்னு மாரியாத்தாளே ஊட்டு வாசலுக்கு வந்துட்டா பாரு."

"இது கம்பமில்லீங்க, போன்சாய்ங்க!"

"எந்தப் பேரு வெச்சுக் கூப்பிட்டா என்ன சாமி, ஆத்தா ஆத்தாதான்."

அடுத்த விடியலில் ஊரிலுள்ள முட்டிவலிக்காரிகள் அத்தனை பேரும் குடத்தோடு வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் ஓடி வந்தார்கள். மாரியாத்தாளுக்கு ஊற்றும் தண்ணீரை எந்த வாயால் தடுப்பது? மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தாள். மாட்டைக் கும்பிட்டுவிட்டு அங்கேயும் ஊற்றினார்கள். தட்டு குளமானது. துளிர் தொங்கியது. சௌந்திரம் பல்லைக் கடித்த சத்தத்தில் மாடு பால் சுரக்க மறுத்தது.

"மூஞ்சிய ஏன் சுளிக்கற? நோம்பி முடிஞ்சதும் கம்பத்தப் புடுங்கிக் கெணத்துல உட்டர்லாம், ஒனக்கு இந்தத் தொந்தரவே இல்ல" என்று அத்தாயி ஆறுதல் சொன்னாள்.

கிணறா!

அன்று சாயங்காலமே சௌந்திரம் கத்தரியை எடுத்தாள். நடுக்கிளையைத் தொட்டுப் பார்த்தாள். அதை வளைக்கத்தான் அதிகம் பாடுபட்டிருந்தாள். கம்பியைப் பிரித்தாள், கண்ணை மூடிக்கொண்டு நறுக்கினாள்.

காலையில் அத்தாயி குடத்தோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு கவட்டுல ஏது கம்பம்? ஆத்தா போயிட்டாளாட்டம் இருக்குது." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முட்டிவலியோடு கோயிலுக்கே நடந்தாள்.

மரம் பிழைத்தது. ஆனால் உண்டிவில்லைப்போல நிற்கும் ஒன்றைச் சேலத்துக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது? ஆத்திரத்தோடு ஈரமண்ணைத் தோண்டிக் கொட்டிக்கொண்டிருந்தபோது மயில்சாமி பல் துலக்கிக்கொண்டே வந்தார். வாயில் இருந்த குச்சியில் கம்பி சுற்றிய தடம் வரிவரியாகத் தெரிந்தது.

"ஏனுங்க... அத எங்கிருந்து எடுத்தீங்க?"

"இங்கதான் கெடந்துச்சு." நுரையைத் துப்பினார். "வளைவு கடவாப்பல்லுக்கு வாகா இருக்குது சௌந்திரம். அந்த ரெண்டையும் எப்ப வெட்டுவ?"