அக்காவுக்காக நான் சொன்ன பதில்

அக்காவின் உதடு அசைந்ததும், சத்தமே வராததும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. மாலைக் கல்லூரி முதல்வரின் மேசைக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். துணைக்குப் போன நான், அவள் முகம் தெரிகிற மாதிரி பக்கவாட்டுக் கதவோரம் ஒதுங்கியிருந்தேன்.

அக்கா எனக்கு உறவில்லை. ஆற்றங்கரையில் இருந்த எங்கள் நூல் மில்லில் பக்கத்து மிஷினில் நின்றவள். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. வாயசைத்தே எல்லாம் சொல்லிக்கொள்வோம். கேலியும் சண்டையும்கூட அப்படித்தான். வெளியே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மில்லுக்குள் அக்காவோடு பேசியதுபோல் நான் யாரோடும் பேசியதில்லை.

எங்கள் ஊரில் பெரியவர்களின் படிப்பு மில்லை ஒட்டியே வளர்ந்தது. முதலில் கைநாட்டு வைத்தவர்களுக்குக் கையெழுத்துப் பழக்க, ஷிப்ட் முடிந்ததும் ஒரு வகுப்பு நடந்தது. பிறகு அதே கொட்டகையில் பத்தாவது, பன்னிரண்டாவது. கடைசியில் மாலைக் கல்லூரி. நான் பத்தோடு நின்றுவிட்டேன். அக்கா நிற்கவில்லை.

"ஏட்டி, நீயும் சேரேன்" என்பாள்.

"நூலு என்ன பட்டமா கேக்குது?"

"நூலு கேக்காது. நீயும் கேக்க மாட்டேங்கியே."

அன்றைக்கு முதல்வர் அவளிடம், "இந்த வயசுல எதுக்கும்மா படிப்பு?" என்று கேட்டார். பயத்தில் அவளுக்கு மில் பழக்கம் வந்துவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. அவர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் சொன்னது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பேசாமல் இருந்தால் அவள் என் பக்கத்து மிஷினிலேயே இருந்துவிடுவாள். அந்த நினைப்பு வராமல் இல்லை.

"சார், அவுக பதில் சொல்லிட்டாக" என்றேன். "மில்ல விட்டுட்டு டீச்சராப் போவணும்னு சொல்லுதாக."

"நீங்க யாரு, வக்கீலா?"

"பக்கத்து மிஷினு, சார்."

அவர் சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது. வெளியே வந்ததும் அக்கா, "இம்புட்டு சத்தத்த எங்கனட்டி வச்சிருந்த?" என்றாள்.

பட்டம் வாங்கினாள், டீச்சருக்கும் படித்தாள். உடன்குடிப் பக்கம் வேலை கிடைத்து அங்கேயே குடும்பமாகிவிட்டாள். அவள் இடத்துக்கு வந்த பெண் நல்லவள்தான். ஆனால் குனிந்த தலை நிமிரமாட்டாள். பிறகு மில்லையும் மூடிவிட்டார்கள். மாலை வகுப்புகளும் நின்றுபோயின. இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனில் பட்டம் படிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் நிறையச் சொல்வாள். நடுவில் நிறுத்தி, "ஏட்டி, இருக்கியா?" என்பாள்.

நான் இந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.