பஃபரில் இடமில்லை

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய அலுவலகத்தின் இணையத்துக்குக் காவல். அங்கே காவல் காத்தது போதாதென்று வீட்டிலும் செருப்பு அலமாரிக்கு மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஃபயர்வாலாக்கி வைத்திருக்கிறார். உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் அதன் வழியாகத்தான். யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு பிரிப்பதும் அதுதான். சோறு போடும்போதுகூட மனுஷன் இவ்வளவு பார்க்கமாட்டார்.

விடுதியில் தங்கிப் படித்து முடித்து வந்த மகள், பள்ளி நாளிலிருந்தே அவள் அறையிலிருக்கும் கம்ப்யூட்டர் வழியாக வேலைக்கு இரண்டு நேர்காணல் கொடுத்தாள். இரண்டும் கைநழுவின. பேச்சு தடுமாறுகிறது, தெளிவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் பேசியது இவளுக்குத் துல்லியமாகக் கேட்டதால், குறை தன்னிடம்தான் என்று நம்பிவிட்டாள் பாவி மகள். அதன்பிறகு வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. மூன்றாவது அழைப்புக்குக் கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தேன்.

இவருக்கோ வேறு கவலை. ஃபயர்வாலில் ‘பஃபரில் இடமில்லை’ என்று பிழைச் செய்தி. வெளியே போகவேண்டிய தகவல் வரிசையில் நின்று, வரிசை நிரம்பி, மிச்சமெல்லாம் குப்பைக்குப் போகிறதாம். கேபிளை மாற்றினார். நெட்வொர்க் கார்டை மாற்றினார். இணைப்பு கொடுத்த கம்பெனியோடு போனில் மல்லுக்கு நின்றார். அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி அதே பாட்டு.

நேர்காணலன்று காலை மகள் தோழியோடு பேசிப் பார்த்தாள். இவள் வாயைத் திறந்ததும் அவர் திரையில் பிழை மளமளவென்று கொட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என் போன்ல நல்லாத்தானே போகுது? பெத்த பொண்ணு பேச உட்கார்ந்தா மட்டும் உங்க மெஷினுக்கு என்ன கேடு?”

“கொஞ்சம் சும்மா இரேன்” என்றவர், வேகம் பங்கிடும் விதிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. முகம் செத்துவிட்டது.

பத்தாவது படிக்கும்போது ஓயாமல் விளையாடுகிறாளே என்று, அவள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போவதற்கு மட்டும் துளியூண்டு வேகம் வைத்திருந்தார். அவள் விடுதிக்குப் போனதும் அதை அப்படியே மறந்துபோனார்.

விதியை நீக்கினார். பிழை நின்றது. நேர்காணல் முடிந்து அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மறைக்கவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன்.

“மொதல் ரெண்டும் என்னாலதாம்மா போச்சு. நீ பேசினது பாதி அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்ல. நான் போட்டு வச்ச தடை.”

நானாக இருந்தால் அந்த மெஷினைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். அவளுக்கோ கண் நிறைந்துவிட்டது.

“அப்போ நான் நல்லாத்தான் பேசினேனாப்பா?”