சிவப்புத் துணி கட்டிய கிழங்குகள்

எங்கள் வீட்டில் சிவப்பு என்றால் தேறாதது என்று அர்த்தம். இது அப்பாவின் ஏற்பாடு. ஒரகடத்தில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனிலிருந்து வரும் பாகம் சரியாக இருந்தால் பச்சை டேக், சந்தேகமாக இருந்தால் மஞ்சள், உதவாது என்றால் சிவப்பு. சிவப்பு டேக் விழுந்ததை மேனேஜரே நேரில் வந்து கேட்டாலும் அப்பா திருப்பித் தரமாட்டார். போன வருஷம் எந்த மாதம் எந்தப் பாகத்தை எதற்காகத் தள்ளினார் என்பதை எண்ணோடு சொல்வார். நாங்கள் கேட்காமலேயே, சாப்பிடும்போது சொல்வார்.

இதைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்தாரா என்றால் அதுவும் இல்லை. உப்பு கூடிப்போன குழம்பு ரெட் டேக். என் கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ரெட் டேக். படப்பையிலிருந்து உள்ளே போகும் மனைப் பிரிவு ஒன்றில் நாங்கள் வீடு கட்டியபோது, பூசி முடித்த சுவரில் சிவப்பு சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு மேஸ்திரியை ஓடவைத்தாராம். அம்மா இந்தப் பேச்சு எதையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். அப்பாவுக்கு அது ஒன்றுதான் குறை.

வீட்டில் அம்மாவுக்கென்று இருந்தது பின்பக்கம் துணி துவைக்கும் கல்லை ஒட்டிக் கிடந்த நாலடி அகல மண். அதில் லில்லி வளர்த்தாள். தலையில் வைக்க முடியாத பூ. சாமிக்குப் போடலாமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத பூ. பெரிய வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு, நீள நீளமாக இலை, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் விரல் கனத்தில் ஒரு தண்டு கிளம்பி அதன் உச்சியில் மூன்று நாலு பூ. ஒவ்வொன்றும் கையகலம் இருக்கும். வெள்ளை, வெள்ளையில் ரோஸ் கோடு போட்டது, சிவப்பு என்று எங்களிடம் மூன்று ரகம் இருந்தது. எல்லாம் சும்மா பார்ப்பதற்குத்தான்.

அதில் சிவப்பு மட்டும் அம்மாவுக்கு உசத்தி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஒயர் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள். லைனில் பக்கத்தில் நின்றவர் நாகர்கோவில்காரப் பெண். ஒரே ஷிஃப்ட், ஒரே ஹாஸ்டல், ஒரே சாப்பாட்டு டப்பா. அந்தத் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போனபோது, ஹாஸ்டல் ஜன்னலோரம் பெயிண்ட் டப்பாவில் வளர்த்த ஒரே ஒரு சிவப்பு லில்லிக் கிழங்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை, போன்தான். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன், குரலை மட்டும் தெரியும். அந்த ஒரு கிழங்கு பத்து வருஷத்தில் பதினொன்றாகியிருந்தது. "உன் பூவு பதினோரு செடி ஆயிகீதுடி, வந்து பாரு" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி போனில் சொல்வாள். அந்த வருஷம் கோடை லீவுக்கு வருவதாகப் பெரியம்மா சத்தியம் செய்திருந்தார். அம்மா அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மார்கழியில் மழை ஓய்ந்ததும் அம்மா கிழங்குகளைத் தோண்டி, இலையை நறுக்கிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் சாக்கின்மேல் பரப்பி ஆறப்போடுவாள். பொங்கல் முடிந்து திரும்ப நடுவாள். இலை போய்விட்டால் எது எந்த நிறம் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் தோண்டும்போதே ஒவ்வொன்றின் கழுத்திலும் துணியைக் கிழித்துக் கட்டிவிடுவாள். வெள்ளைக்கு அப்பாவின் பழைய வேட்டி, ரோஸுக்கு எனக்குச் சின்னதாகிப்போன கவுன், சிவப்புக்கு அவளுடைய பழைய ரவிக்கை. முடிச்சு நழுவாமல் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டவள் நான். "செவப்புத் துணின்னா செவப்புப் பூவு, புரிஞ்சுதா?" என்று அவள் கேட்டதும், புரிஞ்சுது என்று நான் சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. தெரியாமல் நடந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்லிக்கொள்ள முடியாதது அதனால்தான்.

பொங்கல் முடிந்த கையோடு மணிமங்கலத்தில் சித்திக்குப் பிரசவம். அம்மா பத்து நாள் துணைக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. அம்மா திரும்பி வருவதற்குள் பாத்தி கட்டி, கிழங்கையெல்லாம் நட்டு, அவளை அசத்திவிட வேண்டும். நூல் பிடித்து, அளவுகோல் வைத்து, செங்கல் அடுக்கி அவர் கட்டிய பாத்தியில் கோணல் என்று ஒன்று கிடையாது. பிறகு தன்னுடைய பழைய கம்பெனித் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது. "இன்னிக்கு நீதான் இன்ஸ்பெக்டர், பாப்பா" என்றார். என் வாழ்க்கையில் அதுவரை கிடைத்த பதவிகளில் அதுதான் பெரியது.

சாக்கை இழுத்துப் போட்டதும்தான் அப்பா அந்தத் துணிகளைக் கவனித்தார்.

"இன்னாத்துக்கு உங்கம்மா கலர் கலரா துணி கட்டி வச்சிகீறா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு மலர்ச்சி. "டேக் போட்டுகீறா பாப்பா! நான் சொன்னதெல்லாம் காதுல வாங்காத மாதிரியே இருந்துகினு, பாரேன், அப்படியே நம்ம சிஸ்டத்த புடிச்சிகீறா!" என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்ட முதல் நாள் அது. ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு ரவிக்கைத் துணி கட்டியது. "அதானே, தோலு உரிஞ்சி கீது பாரு. அடியில பூசணம் மாதிரி வேற கீது. கரெக்டாத்தான் தள்ளிகீறா" என்றார். குற்றம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் குற்றம் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குப் பார்த்தேன். பிறகு, சும்மா ஒரு பேச்சுக்கு, "உங்கிட்ட எதுனா சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, தலையில் இருந்த தொப்பி. இன்ஸ்பெக்டருக்குத் தள்ளுவதற்கு ஏதாவது வேண்டாமா? வெள்ளை ஓகே, ரோஸ் சந்தேகம், ஆனாலும் போனால் போகட்டும் என்று நட்டுவிடலாம், சிவப்பு ரிஜெக்ட் என்று அப்பா விதி சொன்னார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, துணியைப் பார்த்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு "ரிஜெக்ட்டு!" என்று கத்தி, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த காலி மனைக்குள் வீசினேன். தொப் தொப் என்று விழுந்தன. பதினொன்றையும் நானேதான் வீசினேன். அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

அம்மா திரும்பி வந்து பாத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "எல்லாத்தையும் நட்டுட்டீங்களா?" என்றாள். "ஓகே ஆனதெல்லாம் நட்டாச்சு" என்றார் அப்பா, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அவள் புரிந்துகொண்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. நட்டபிறகு துணிகளையெல்லாம் அசிங்கமாக இருக்கிறது என்று அப்பா அவிழ்த்து எறிந்திருந்தார். "பரவால்ல, பூத்தா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றாள் அம்மா.

பூத்தால் தெரிந்துவிடும். மாசி முழுக்க, பங்குனி முழுக்க, பாத்தியில் இலை வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் பயம் வந்தது. சொல்லிவிடலாம் என்று பலமுறை அம்மாவின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். "இன்னா, பசிக்குதா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லி எதையாவது வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவேன். அந்த இரண்டு மாதத்தில் நான் கொஞ்சம் பூசினாற்போல் ஆனேன்.

சித்திரை பிறந்ததும் வெள்ளை பூத்தது. அடுத்து ரோஸ் கோடு. அம்மா தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே பாத்தியைச் சுற்றிவந்து, "செவப்பு இந்த வருஷம் லேட்டு" என்பாள். பெரியம்மா வரும் நாளும் குறித்தாயிற்று, அடுத்த ஞாயிறு. வந்தவரிடம் எதைக் காட்டுவாள் என்று நினைக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் வராமல் போனால் நன்றாயிருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதற்காக அதைவிட அழுதேன்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து மனையில் பேச்சுக்குரல் கேட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். தாம்பரத்தில் இருக்கும் மனைக்காரர், கூட ஒரு ஆள். சுண்ணாம்புப் பொடியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பொக்லைன் வந்து பில்லர் குழி எடுத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. எங்கள் துவைகல் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாக ஓடி நனைத்த இடத்தில், உடைந்த செங்கலுக்கும் முள்செடிக்கும் நடுவில், சிவப்பு சிவப்பாகப் பூத்து நின்றது. பாத்தியில் செல்லமாக நட்டதையெல்லாம்விடப் பெரிய பூக்கள். சுண்ணாம்புக் கோடு அவற்றின்மேலேயே போயிருந்தது.

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவரை எழுப்புவது எங்கள் வீட்டில் கொலைக்குற்றம். நான் உலுக்கி எழுப்பினேன்.

"அப்பா, நாம தூக்கிப் போட்டது பூத்திருக்குப்பா. செவப்பா."

அவர் வாளிமேல் ஏறவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அப்போ அது டேக் இல்லியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாவம், அவர் முகம் அன்றைக்கு விழுந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை அந்தப் பக்கம் போட்டு, தானும் குதித்தார். மனைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் சிரிப்பது கேட்டது. மண்ணோடு தோண்டித் தோண்டி அப்பா நீட்ட, நான் வாங்கி வாளியில் வைத்தேன். பதினொன்றில் ஒன்பது கிடைத்தது. பாத்திரம் கழுவப் பின்பக்கம் வந்த அம்மா கண்டது, சுவருக்கு அந்தப் பக்கம் தலையெல்லாம் புழுதியாக, இரண்டு கையிலும் சிவப்புப் பூவை ஏந்திக்கொண்டு நின்ற புருஷனை.

விஷயத்தை அவரே சொன்னார், டேக் என்று நினைத்ததிலிருந்து எல்லாவற்றையும். அம்மா துவைகல்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷம் சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பாகிட்ட சொல்லியிருந்தனே, செவப்புத் துணின்னா செவப்புப் பூவுன்னு. ஏய், நீ அப்பாகிட்ட சொல்லல?"

நான் குனிந்து வாளியிலிருந்த செடிகளை எண்ணத் தொடங்கினேன். அப்பா என்னைப் பார்த்தார். கையிலிருந்த செடியைச் சுவர்மேல் வைத்தார்.

"சொல்லிச்சு. கொழந்த அப்பவே சொல்லிச்சு. நான்தான் காதுல வாங்கல."

அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள். அந்தத் தொப்பி, அந்த டேக், அந்தக் கம்பெனி, அதில் வேலை கொடுத்தவன் என்று ஒருவரையும் விடவில்லை. அப்பா செடிகளைப் பாத்தியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தார் பெரியம்மா. குரலைவிட ஆள் சின்னது. பக்கத்தில் பொக்லைன் கடகடவென்று குழி எடுக்க, பாத்திக்கு முன்னால் நின்று, "ஏட்டி, நான் ஒண்ணுதானட்டி தந்தேன்!" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். பூக்கள் கொஞ்சம் வாடித்தான் இருந்தன. அதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாப்பிடும்போது அம்மா கதையை முதலிலிருந்து சொன்னாள். குழந்தை சொல்லியும் கேட்காத இன்ஸ்பெக்டர் என்று பெரியம்மா புரையேறச் சிரித்தார். அப்பாவும் கூடவே சிரித்தார். நான் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து இரண்டாவது அப்பளத்தைக் கடித்துக்கொண்டு, நான் சொல்லவே இல்லையே, சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று யோசித்தேன். சரி, நாமாகப் போய்த் திருத்த வேண்டாம் என்று முடிவு செய்தேன். கூடவே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. வயதாகிவிட்டது, ஞாபக மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.