திருத்தாத பிரதி

மார்லிஸ் எங்ஸ்ட்ராம் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எங்கள் டூ ஹார்பர்ஸ் ஊர்ப் பனியில் ஒருமுறைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அவள் நடுங்கி நான் பார்த்தது அவளுடைய முதல் நாவல் அச்சுக்குப் போகும் சமயத்தில்தான். நானும் அதே பணிமனையில் பேருந்து ஓட்டியவள். அங்கே பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியது நான்தான், அவளில்லை.

நாவல் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, எழுதியது அக்கா வெர்னாவின் கதை. பதினேழு வயதில் வெர்னா ஒரு பெண் குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அது தங்கைக்கு மட்டும் தெரியும். பிற்பாடு கட்டிய கணவன் கிளிஃபுக்குக்கூடத் தெரியாது. வேறு பெயர் போட்டால் எழுத்து ஓடவில்லை என்று எல்லாப் பக்கத்திலும் வெர்னா என்றே எழுதினாள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. மினியாபொலிஸில் இருந்த பதிப்பாசிரியை ஜோன் இரண்டு வருஷம் அவளைப் பிழிந்தெடுத்தாள், மூன்று அத்தியாயங்களை வெட்டினாள். அந்த அமளியில் பெயர் மறந்தே போயிற்று.

நினைவு வந்து பதறிப்போய்த் தொலைபேசியில் சொன்னபோது, ஜோன் அலட்டிக்கொள்ளவில்லை.

“புத்தகத்துல மாத்திடலாம், நேரம் இருக்கு. ஆனா புத்தகக் கடைக்காரங்க படிச்சுப் பாக்க முன்னாடியே அனுப்புற பிரதி போன வாரமே போயிடுச்சே. அட்டையிலயே திருத்தாத பிரதின்னு போட்டிருக்கோம். அத யாரு பெருசா எடுத்துக்கப் போறாங்க?”

எங்கள் ஊர்ப் புத்தகக் கடைக்காரர் லோயல் அந்தப் பிரதிகளை விற்கக் கூடாது. அதனால் நிறையப் படிக்கிறவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். ஊரில் வெர்னாவைவிட நிறையப் படிக்கிறவர் யார்? மார்லிஸ் கார் சாவியை என்னிடம் நீட்டினாள். லோயல் கடைக்கு நான்தான் ஓட்டினேன்.

“உன் புத்தகமா? செவ்வாக்கிழமையே உங்கக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டேனே!” என்றார் லோயல், வாயெல்லாம் பல்லாக. “தங்கச்சி எழுதினத அக்கா படிக்காம வேற யாரு படிக்கிறது?”

காருக்குள் ஏறியதும் மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். “கிளிஃப் அவள விட்டுட்டுப் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?”

“எழுதறப்ப இந்தப் பயம் எங்கடி போச்சு?” என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

வெர்னாவின் சமையலறையில் கிளிஃப் உரக்கப் படிக்கும் சத்தம் வாசலிலேயே கேட்டது. வெர்னாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். மீன்பிடிப் பத்திரிகை தவிர வேறெதையும் புரட்டாத மனுஷன், நான்கு நாளாக நாளைக்கு இரண்டு அத்தியாயம் அவளுக்குப் படித்துக் காட்டுகிறார்.

“வாங்க வாங்க எழுத்தாளரம்மா! கதாநாயகிக்கு என் பொண்டாட்டி பேரையே வெச்சிட்டியே! அவளும் இவள மாதிரிதான் பிடிச்ச பிடிய விடமாட்டேங்கிறா. இப்பதான் எட்டு முடிஞ்சுது, ஒன்பதாவது அத்தியாயம் ஆரம்பிக்கப் போறேன்.”

ஒன்பதாவது அத்தியாயத்தில்தான் குழந்தை பிறக்கிறது.

“அது தப்பான பிரதி, கிளிஃப்,” என்று மார்லிஸ் கையை நீட்டினாள். குரல் கிறீச்சிட்டது. “ஒரே பிழை. குடுங்க, நல்லதா ஒண்ணு தரேன்.”

“உக்காருடி,” என்றாள் வெர்னா. “முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு, இது எங்க போய் நிக்கும்னு. உன் மேல இருக்கற கோவத்த அப்புறம் பேசிக்கறேன். நாப்பத்தொரு வருஷமா இது என் வாயால வரல. நீங்க படிங்க, கிளிஃப்.”

கிளிஃபின் சிரிப்பு நின்றது. மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். மார்லிஸ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கதையில் ஆஸ்பத்திரி வந்தது, நர்ஸ் வந்தாள், ஒரு நிமிஷம் குழந்தையைக் கையில் கொடுத்துப் பிறகு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பாதியில் கிளிஃப் தன் படிக்கிற கண்ணாடியைக் கழற்றினார். மார்லிஸின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“வெர்னா,” என்றார், “அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?”